இடது பக்கத்து ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரர் கார் வாங்கக் கிளம்பியது எங்கும் போய்வருவதற்காக இல்லை, பாட்டுக் கேட்பதற்காக. இதைச் சொன்னபோது எங்கள் பள்ளியில் ஒருவரும் நம்பவில்லை. அரியலூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான். பள்ளிக்கூடத்துக்கு நான் ஸ்கூட்டரில் போய்விடுவேன். சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கிற கிரஷரில் இருபத்து நாலு வருடம் நின்றுவிட்டு ஓய்வு பெற்ற மனிதருக்கு, அவசரமாகப் போய்ச் சேரவேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் அவருடைய ஐ.டி.ஐ. கூட்டாளி, லப்பைக்குடிக்காட்டுக்காரர். பாதி ஆயுசை வளைகுடாவில் கழித்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று ஊரோடு வந்து தங்கியவர். வந்ததும் புதுக்கார் எடுத்தார். கார் செய்கிற இடத்திலேயே நல்ல கம்பெனி ஸ்பீக்கர்களைப் பொருத்தி அனுப்புகிற கார். ஒருநாள் இவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துத் திருச்சிக்குப் போய் வந்தார். வாசலில் இறக்கிவிடும்போது, "தங்கச்சி, மாப்ளய பாட்டுக்கு நடுவுல உக்கார வச்சுக் கூட்டியாந்திருக்கேன், மாஷா அல்லாஹ், ஒரு வார்த்த பேசல பாருங்க" என்றார். இவர் பேசாதது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று இவர் முகம் புதிதாக இருந்தது.

"டீச்சர், பாடறவங்க ரெண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னாடி நிக்கறாங்க" என்றார். சந்தோஷமாக இருந்தால்தான் என்னை டீச்சர் என்பார்.

பிறகு ஒரு மாதம் வீட்டில் வேறு பேச்சில்லை. எந்தக் காரில் எத்தனை ஸ்பீக்கர், ட்வீட்டர் கண்ணாடித் தூணில் இருக்கிறதா கதவில் இருக்கிறதா, சப்வூஃபர் டிக்கியிலா சீட்டுக்கு அடியிலா என்று போனிலேயே கிடந்தார். கடையில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்றேன். நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டமாதிரி பார்த்தார். கார் செய்கிறபோதே அந்தக் காருக்கென்று அளந்து வைத்ததுதான் வேண்டுமாம். ஒரு பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டை ஏற்றிக்கொண்டார். பழைய ஜோடிப் பாட்டு. ஆண் குரல் வலது பக்கத்திலிருந்தும் பெண் குரல் இடது பக்கத்திலிருந்தும் வருகிற மாதிரிப் பதிவு செய்தது. எல்லாக் காரிலும் அதே பாட்டு, அதே சத்தம். அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கிற ஆள் நான்.

முதல் கார் பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு ஷோரூமில். எட்டு ஸ்பீக்கர். இவர் ஸ்டியரிங் பிடித்தார், விற்பனைக்காரர் பக்கத்தில், நான் பின்னால். பாட்டுப் போட்டதும் என் மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது. தவில் இருக்கிற கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மற்றபடி இரண்டு குரலும் எனக்கு நன்றாகவே கேட்டன. இவர் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பேஸ் சரி. ஆனா அந்தம்மா கொரல அமுக்கிட்டான்."

இரண்டாவது கார் திருச்சியில். கதவுச் சல்லடையில் ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரையே பொறித்திருந்தார்கள். இதில் சத்தம் மெல்லிசாக, வெட்டிவைத்த மாதிரி இருந்தது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. குறை என்றால், சகரம் வருகிற இடங்களில் காதில் கொஞ்சம் குத்தியது. சத்தத்தைக் கூட்டினால் ஜன்னல் சுவிட்சுப் பக்கம் ஏதோ கடகடவென்றது. நான் இதையெல்லாம் மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். இவரோ நேராக, "லெஃப்ட் சைடு ஸ்பீக்கர் வேல செய்யலங்க" என்றார்.

"நல்லா செய்யுதுங்களே சார்" என்றார் விற்பனைக்காரர்.

"எனக்குக் கேக்கல, செய்யுதுங்கறீங்க. கிரஷர்ல ஒரு போல்ட்டு லூசானா சத்தத்துலயே சொல்லுவேன். எங்கிட்டயா?"

மேனேஜர் வந்தார். கதவைத் திறந்து இடது பக்க ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். இவரும் காரைவிட்டு இறங்கினார், விடவில்லை. எனக்கு மானம் போயிற்று. நானும் இறங்கி இவருடைய இடது பக்கம் போய் நின்று, "ஏங்க, விடுங்க, போதும்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை நான் சொல்லவில்லை. நான் எதையும் இரண்டாம் முறை சொல்கிற ஆள் இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என் முதல் சொல்லுக்கு அடங்குவார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் அடங்கவும் மாட்டார், பதிலும் சொல்லமாட்டார்.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் இருந்த பழைய கோபத்தைச் சொல்லிவிடவேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்னால் எனக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தது. வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் எப்போதும்போல இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் ஆளும் வேலையுமாக இருக்கும் என்று, அவர் தோளுக்கு மேலே எட்டிச் சொன்னேன். "எச்.எம். போஸ்டிங் வந்திருக்குங்க. தூரம்தான், தினம் ரெண்டு பஸ் மாறணும். எனக்குப் போகணும்னு இருக்கு. போகட்டுங்களா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே வந்த சிமெண்ட் லாரிக்கு ஒதுங்கினார், மறுபடி ரோட்டில் ஏறினார், அவ்வளவுதான். அரியலூர் வருகிறவரை காத்திருந்தேன். பிறகு நானே புரிந்துகொண்டேன். மறுநாள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலைமையாசிரியர்களாகி என் பாடக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டபோதெல்லாம், வாயே திறக்காமல் மறுத்த அந்த மனிதரின் முதுகு எனக்கு ஞாபகம் வரும். அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், மன்னிக்கவில்லை.

மூன்றாவது கார், கூட்டாளி வைத்திருக்கும் அதே கார், அதே ஸ்பீக்கர். இங்கே விற்பனையில் ஒரு பெண் இருந்தார், பொறுமைசாலி. இவர் ஓட்டினார். பாட்டு முடிவதற்குள் முகம் சுண்டிப்போயிற்று. "அதே காரு. அன்னைக்குக் கேட்ட சத்தம் இல்ல. லெஃப்ட்டு சரியில்ல" என்றார்.

அந்தப் பெண் வாதாடவில்லை. திரையைத் தொட்டு, வலது பக்கத்தை மூடி, பாட்டு முழுவதையும் இடது பக்கத்துக்குத் தள்ளினார். சத்தத்தின் அளவை அவர் தொடவில்லை. நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏன் வால்யூமக் கொறச்சீங்க?" என்றார் இவர்.

"கொறைக்கலீங்க சார். ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்களேன்."

காரை ஓரம்கட்டி இடம் மாறினார்கள். இவர் இடது சீட்டில் உட்கார, அந்தப் பெண் இரண்டு பக்கமும் சமமாக வைத்துப் பாட்டை முதலிலிருந்து போட்டார். இவர் கொஞ்ச நேரம் கேட்டார். "இப்ப வருது. இப்ப ரெண்டு பேரும் நிக்கறாங்க" என்றார். பாட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய வலது காது வெளியே பார்த்ததிலிருந்து உள்ளே திரும்பியிருந்தது. இறங்கும்போது அந்தப் பெண் என்னிடம், "மேடம், எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. காத ஒருக்கா செக் பண்ணிடுங்க" என்றார்.

பெரம்பலூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தார். இடது காதுக்கு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

"வேலையில காதுக்கு ஒண்ணும் வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"வைப்பேனே" என்றார் இவர். ஆலையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு அடைப்பான்களை ஒரே கயிற்றில் கோத்துக் கொடுப்பார்கள். இவரும் கூட நின்றவர்களும் அதில் ஒன்றைத்தான் காதில் வைத்துக்கொள்வார்கள். "ரெண்டையும் அடச்சா டிப்பர் ஆரனும் கேக்காது, ஆள் கத்தறதும் கேக்காது. ஏணி எனக்கு லெஃப்ட்டு. ஆளு அந்தப் பக்கம்தான் வருவான். அதனால லெஃப்ட்டத் தொறந்து வச்சிருப்பேன்." கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னார். அந்த அடைப்பான்களை எனக்கும் தெரியும். சட்டைப்பையிலிருந்து எடுத்து வைக்கும்போது ஒன்று அழுக்காகவும் ஒன்று புதிதாகவும் இருக்கும். நான் அழுக்கானதைக் கழுவி வைத்திருக்கிறேன். மற்றது ஏன் அழுக்காகவில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஆளுங்க கூப்பிடறது கேக்கணும்னு வச்ச காதுதான் போயிருக்கு" என்றார் டாக்டர். "இது ஒரு நாள்ல வந்ததில்ல. பத்துப் பதினஞ்சு வருஷமாவே இருந்திருக்கும். மொதல்ல மெல்லிசு சத்தந்தான் போகும். லேடீஸ் கொரல், கொழந்தைங்க கொரல்."

பத்துப் பதினைந்து வருடம். பைக்கில் நான் எட்டிச் சொன்னது எந்தக் காதில் என்று விளங்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அன்றே அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயமாக இருந்தது. பைக்கில் நான் சொன்னது காதில் விழுந்தும் பேசாமல் இருந்தார் என்றால் பழைய கோபம் அப்படியே இருக்கும். அதோடு வாழ எனக்குப் பழகிவிட்டது. காதில் விழவே இல்லை என்றால் பதினொரு வருடமாக நான் யாரைக் கோபித்துக்கொண்டிருந்தேன்?

காது மிஷின் வாங்கினோம். விசிலடிக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். "காரும் வேணாம். வாங்குனாலும் சாதா மாடல் போதும். செவிடனுக்கு எதுக்கு எட்டு ஸ்பீக்கரு?" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. நான்தான் விடவில்லை. மூன்று ஷோரூமுக்கும் மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். இந்த முறை விற்பனைக்காரர்கள் ஓட்ட, இவர் மூன்றிலும் இடது சீட்டில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்டார். இப்போது அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. முதல் காரில் பேஸ் குரலை மூடுகிறது என்றார். கூட்டாளியின் கார் இனிமைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் சர்க்கரை போடுகிறது என்றார். மேனேஜரிடம் சண்டை போட்டாரே, அந்த இரண்டாவது கார்தான் உள்ளதை உள்ளபடி சொல்கிறது என்றார். எனக்கும் முதலிலிருந்தே அதுதான். சுவிட்சுப் பக்கத்துக் கடகடப்பைச் சரிசெய்து தரச் சொல்லி அதையே எடுத்தோம். மேனேஜர் எங்களை மறக்கவில்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இடது சீட்டுல நான் உக்காந்தா யார் ஓட்டறது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

ஐம்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னிடம் படித்த ஒருத்தியின் மகள் என்கூட ஒரே வகுப்பு. கிளட்சை விடத் தெரியாமல் செந்துறை ரோட்டில் காரை அணைத்து, பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தினேன். "டீச்சரு ஃபெயிலு" என்று இவர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் முறைதான் லைசென்ஸ் கிடைத்தது.

போன மாதம் பெரம்பலூரில் ஒரு வளைகாப்பு. மதியச் சாப்பாடு முடிந்து அரியலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். இவர் என் இடது பக்கம். அவருடைய நல்ல காது என்னைப் பார்த்து இருந்தது. அந்த ஜோடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே சிமெண்ட் லாரி ஒன்று வந்தது, ஒதுங்கினேன்.

"ஏங்க, பதினொரு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு எச்.எம். போஸ்டிங் வந்துச்சு. வேணாம்னு எழுதிக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"எழுதிக் குடுத்தியா? ஒனக்கு வரலன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்? பின்னாடி சேந்தவங்களுக்கெல்லாம் வருதே, நாம கேட்டா நீ வருத்தப்படுவியோன்னு கேக்காம இருந்தேன். வந்திருந்தா போயிருக்கலாமே. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்" என்றேன். "இதே ரோட்டுல. பைக்ல. உங்க லெஃப்ட்டுல."

அவர் கை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னேன்.