செல்லம் வீட்டில் எத்தனை பேர்?

"யோங் பெங் இன்னைக்கு உதைச்சிருச்சு. அரைப் படிதான் தேறுச்சு. ரெங்கத்தைக் கலந்து ஊத்தட்டுமா?"

காலை ஆறரை மணிக்கு மரைக்காயர் சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் நின்றுகொண்டு செல்லம் இப்படிக் கேட்டால், எங்கள் கோலா செம்பிலாங் ஊர்வாசிகள் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. யோங் பெங்கும் ரெங்கமும் அவளுடைய இரண்டு பசுக்கள். எந்த ஊரில் மாட்டை வாங்குகிறாளோ அந்த ஊரின் பெயரையே மாட்டுக்கு வைத்துவிடுவாள். கன்றுக்குட்டி இந்த ஊரிலேயே பிறந்தது. அதனால் அதற்குப் பெயர் இல்லை. "ஏய்" என்றால் ஓடிவரும்.

சுங்கச் சாவடிக்குப் புதிதாக வந்த கணக்கெழுதும் கிராணி ஒருவருக்கு இந்த வழக்கம் தெரியாது. "ரெங்கத்துக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது" என்று அவள் யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. ரெங்கத்தில் காலரா பரவிவிட்டதென்று நினைத்து, அங்கே தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பியை உடனே புறப்பட்டு வரச்சொல்லித் தந்தி அடித்துவிட்டார். தம்பி மனைவி மக்களோடு வந்து சேர்ந்தார். ஒரு வாரம் அத்தனை பேருக்கும் செல்லம்தான் பால் ஊற்றினாள், ரெங்கத்தின் பாலையே.

எங்கள் ஊர் ஒரே தெருவால் ஆனது. ஒரு முனையில் கடல், மறுமுனையில் ரப்பர்க் காடு. கடல் என்றதும் வெள்ளை மணலை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே இருப்பது சேறு. நீர் வற்றினால் கடல் அரை மைல் தூரம் நடந்து போய்விடும். சிங்கப்பூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வரும் கப்பல் தூரத்திலேயே நின்றுகொள்ள, பயணிகள் சிறு படகில் ஏறி, கடைசி இருபது கெஜத்தை முழங்கால் சேற்றில் நடந்து வரவேண்டும். தெருவின் இருபுறமும் சீனர் கடைகள். ஆற்றுக்கு அக்கரையில் மலாய்க்காரர்களின் கம்பம், அதாவது கிராமம். வெயில் அடித்தால் தெருவெல்லாம் பாக்கும் கொப்பரையும் காயும். மழை பெய்தால் அவற்றை அள்ள எல்லா மொழிகளிலும் கூச்சல் கேட்கும். தமிழர்கள் ஏறக்குறைய அறுபது பேர். அவர்களில் பதினாறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான்.

செல்லத்துக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். முந்தானையைத் தலையில் சுற்றி, அதன்மேல் தோட்டத்துத் துரை யாரோ தூக்கி எறிந்த தொப்பி ஒன்றை வைத்திருப்பாள். இரண்டு கைகளிலும் பால் பாத்திரங்கள். சீனக் கடைக்காரரோடு மலாயில் பேசுவாள், ஆனால் அந்த மலாய்க்குத் தமிழ் வால் ஒட்டியிருக்கும். போலீஸ்காரர்களோடு தமிழில் பேசுவாள், அவர்கள் மலாயில் பதில் சொல்வார்கள். இதுவரை வியாபாரம் எதுவும் கெட்டுப்போனதில்லை.

சாப்பாட்டுக் கடை ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் அதிராம்பட்டினத்துக்காரர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் செல்லத்துக்கும் அவருக்கும் தினமும் ஒரே வழக்கு.

"தண்ணி கலந்திருக்கே, தங்கச்சி."

"குடிச்சுப் பாருங்க நானா. உப்புக் கரிக்குதா?"

"இல்லை."

"இந்த ஊருத் தண்ணியைக் கலந்திருந்தா கரிச்சிருக்கும்ல?"

மரைக்காயர் பாலை வாங்கி உள்ளே வைப்பார். எங்கள் ஊரில் எந்தக் கிணற்றை வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிப்பதற்கு மழைநீரைத் தாழிகளில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். தாழித் தண்ணீரைப் பாலில் ஊற்றும் அளவுக்கு இந்த ஊரில் யாரும் ஊதாரி இல்லை.

செல்லத்தின் இன்னொரு வழக்கம், எதைக் கேட்டாலும் "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்பது. அவர் என்றால் அவள் புருஷன் ஐயாசாமி. மாட்டை விலைக்குக் கேட்டால் அவரைக் கேட்கவேண்டும். கொட்டகைக்குப் பக்கத்து நிலத்தை யாராவது கேட்டால் அவருக்கு அதில் சம்மதமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவருடைய சட்டை துவைத்துக் கொடியில் தொங்கும். "ஐயாசாமி எப்படி இருக்காரு?" என்று வழியில் விசாரித்தால், "கால்வலி, படுத்திருக்காரு" என்பாள்.

ஐயாசாமி நான்கு வருடங்களுக்கு முன் பிண்ணாக்கு வாங்கச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவன். மூன்று நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவனும் வரவில்லை, பிண்ணாக்கும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, எவனோ ஒருவன் அந்தி வேளையில் செல்லத்தின் வீட்டுப் பக்கம் நடமாட ஆரம்பித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கொடியில் சட்டை ஏறியது. காரணத்தை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மரைக்காயர் முதல் கோப்பிக்கடைச் சீனர் வரை, ஊரே ஐயாசாமியின் கால்வலியை அக்கறையோடு விசாரிக்கத் தொடங்கியது. நடமாடியவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம் குடிக்கணக்கு எடுக்கும் உத்தரவு வந்தது. தமிழர் வீடுகளை எழுதும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் வீடு வீடாகப் போய்க் கறுப்பு மையில் எழுதவேண்டும். ஏப்ரல் முதல் தேதி மறுபடியும் போய், அன்று அந்த வீட்டில் தங்குகிறவர்கள் யாரென்று பார்த்து, மாற்றங்களைச் சிவப்பு மையில் திருத்தவேண்டும்.

"வீட்டுல எத்தனை பேர்?" என்று செல்லத்தைக் கேட்டேன்.

"ரெண்டு பேரு. தெரியாதா வாத்தியாரே உங்களுக்கு?"

எனக்குத் தெரிந்ததை எழுதுவதா, அவள் சொன்னதை எழுதுவதா? கொடியில் சட்டை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் சொன்னதை எழுதினேன்.

இதற்கிடையில் கப்பலில் வந்த யாரோ ஒரு வதந்தியை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கணக்கில் ஆயிரம் பேர் வந்தால் அந்த இடம் டவுன் என்றும், டவுனுக்குச் சர்க்கார் குழாய்த் தண்ணீர் தரும் என்றும், ஒருவர் குறைந்தாலும் கம்பம்தான், கிணறுதான் என்றும் பேச்சு. மரைக்காயர் இதை மார்க்கக் கடமைபோல் எடுத்துக்கொண்டார். தமிழருக்கு நான், சீனருக்கு ஒருவர், மலாய்க்காரருக்கு ஒருவர் என மூவரும் சாயா குடிப்பது அவர் கடையில்தான். எங்கள் மூவரிடமும் விசாரித்துக் கூட்டிப் பார்த்தார். தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது வந்தது.

அதன்பிறகு ஊருக்குத் தூக்கம் இல்லை. மலாய்க் கம்பத்தில் ஒரு கல்யாணப் பெண் மாமியார் வீட்டுக்குப் போவது ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. கோப்பிக்கடைச் சீனர் பத்து பகாட் என்ற ஊரிலிருந்து தம்பி குடும்பத்தை அழைத்துவந்தார். மரைக்காயரின் மச்சான் அப்துல் ஹலீம் மூவாருக்குப் போகும் வழியில் ஒரு வேளை சாப்பிட இறங்கினார். அவருடைய பெட்டியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் மரைக்காயர். மார்ச் கடைசியில் மறுபடியும் கூட்டினார். சரியாக ஆயிரம். அந்த ஆயிரத்தில் ஐயாசாமியும் ஒருவன்.

முதல் தேதி மாலை நான் சிவப்பு மையோடு புறப்பட்டபோது மரைக்காயரும் கூடவே வந்தார். செல்லம் கொட்டகையில் ரெங்கத்துக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தம் ஏதாவது உண்டா, செல்லம்?" என்று கேட்டேன்.

"என்ன மாத்தம்? ரெண்டு பேருதான்" என்றார் மரைக்காயர் முந்திக்கொண்டு. "ஐயாசாமி புல்லறுக்கப் போயிருக்காப்ல."

செல்லம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

படித்தேன். "குடும்பத் தலைவர் ஐயாசாமி, வயது நாற்பது, தொழில் பால் வியாபாரம். மனைவி செல்லம், வயது முப்பத்தைந்து, தொழில் இல்லை."

"தொழில் இல்லையா?"

"தலைவர் தொழில் என்னன்னு கேட்டப்ப, பால் வியாபாரம்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்." ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இந்த எழுத்து எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"பத்து வருஷம். பொறவுதான் மறுபடி கணக்கெடுப்பாங்க."

"பத்து வருஷமா." தீனியை ரெங்கத்தின் பக்கம் தள்ளிவிட்டாள். "நாலு வருஷமா அவருக்குச் சட்டை துவைக்கிறேன். அது எம் பாதுகாப்புக்கு. அது பொய்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் நானா. காகிதத்துக்குத் தெரியாதே. அது நெசம்னு நெனைச்சுக்கும். அழிச்சிருங்க வாத்தியாரே."

"அலமாக்" என்று தலையில் கைவைத்தார் மரைக்காயர். "தங்கச்சி, ஊருக்கே நல்ல தண்ணி வரப்போவுது. ஒரு பேருதானே, இருந்துட்டுப் போவுது. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னா கம்பம்லா."

"ஒரு ஆளுதானே கொறையுது? இன்னொரு மச்சானை வரவழைங்க."

"உனக்கும்தானே தண்ணி?"

"எனக்கு எதுக்கு? நல்ல தண்ணி வந்துட்டா எம் பாலை எவன் நம்புவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நான் பேனாவைத் தொட்டும் தொடாமலும் நின்றேன். ஐயாசாமி இல்லை என்ற சொல்லை நான்கு வருடங்களில் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"அவரு இந்த வீட்டுல இல்லை" என்றாள் அவள், இந்த முறை என்னை நேராகப் பார்த்து. "நாலு வருஷமா இல்லை. எழுதுங்க."

ஐயாசாமியின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. குடும்பத் தலைவர் செல்லம், தொழில் பால் வியாபாரம் என்று எழுதினேன். எது தன் பெயர் என்று கேட்டாள். காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம்" என்றாள்.

மரைக்காயர் இரண்டு நாள் அவளிடம் பால் வாங்கவில்லை. டின் பாலில் சாயா போட்டார். மூன்றாம் நாள் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்ததும், பின்வாசலைத் தானே திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூன் மாதம் எங்கள் ஊரின் தொகை தெரியவந்தது. ஆயிரத்து நாற்பத்தொன்று. முதல் தேதி ஆற்று வாயில் நங்கூரம் போட்டிருந்த மீன்படகுக்காரர்களையும் சுங்கச் சாவடியில் எங்கள் ஊர்க் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் அவர்களை நினைக்கவே இல்லை. ஊர் துள்ளிக் குதித்தது. மரைக்காயர் கடைப்பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் "டவுன்" என்று எழுதச் செய்தார். பிறகு தலைப்பாகை கட்டிக்கொண்டு, கம்பத்துத் தலைவரான பெங்குலுவோடு போய், மாவட்ட அதிகாரியிடம் குழாய் எப்போது வரும் என்று கேட்டார். அப்படி ஒரு விதியை அதிகாரி கேள்விப்பட்டதே இல்லையாம். குழாய் இன்னும் வரவில்லை. அப்துல் ஹலீமும் இன்னும் மூவாருக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டும், கடைச் சாப்பாடு பிடித்துப்போய் இங்கேயே இருக்கிறார்.

சிங்கப்பூரில் வேலைகள் நின்றுபோய்க் கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஆகஸ்டில் ஒருநாள் காலை மரைக்காயர் கடையில் நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். செல்லம் பின்வாசலில் பால் அளந்துகொண்டிருந்தாள். அப்போது முழங்கால்வரை சேறும் தலையில் தகரப் பெட்டியுமாக ஒருவன் வாசலில் வந்து நின்றான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மரைக்காயர்தான் முதலில் அடையாளம் கண்டார். ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தார். கடையில் ஒவ்வொரு மேசையாகத் தலைகள் திரும்பின.

"செல்லம்" என்றான் ஐயாசாமி.

அவள் திரும்பிப் பார்த்தாள். அளந்துகொண்டிருந்த பாலைச் சிந்தாமல் ஊற்றி முடித்துவிட்டுத்தான் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வேலை போயிருச்சு" என்றான் அவன்.

"தெரியுது. வேலை இருந்தா வந்திருக்க மாட்டீங்க." பிறகு, "சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றாள்.

அவன் தலையிலிருந்த பெட்டியை இறக்கிக் கீழே வைத்தான்.

"நானா, இவருக்கு நாலு அப்பம் வைங்க."

அவன் தின்னும்வரை அவள் உட்காரவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. தெருவில் காயும் பாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கை கழுவிவிட்டு வந்து பெட்டியைத் தூக்கப் போனான்.

"பெட்டி இங்க இருக்கட்டும். நானா பாத்துக்குவாரு" என்றாள். "போலீஸ் ஸ்டேசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னும் ஊத்தலை. நேரமாச்சு."

இரண்டு பால் பாத்திரங்களையும் அவன் கைகளில் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவள் முன்னால் நடந்தாள்.