முருகன் பாட்டுகளுக்குள் பதினொன்றோ பன்னிரண்டோ

எங்கள் வீட்டுக் கணினியில் இருந்த பாட்டுகள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அவற்றை ஒழுங்குபடுத்தியவன் நான். குப்பையாகக் கொண்டுவந்து கொட்டியவன் மனைவியின் தம்பி. கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் சீடி இறுவட்டுகளோடு வருவான். ஒரே பாட்டு ஐந்து தடவை இருக்கும். ஐந்தின் பேரிலும் வேறு வேறு எழுத்துப்பிழை. இவன் பட்டதாரி ஆசிரியர்.

யுத்தம் மறுபடியும் தொடங்கியிருந்தது. ஹந்தானை மலைப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் வாடகைக்கு இருந்து கம்பஸில் படித்த பெடியனைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. அவன் கணினியில் இயக்கப் பாட்டு, போராளிகளின் பாட்டு, இருந்ததாம். அந்தச் சனிக்கிழமை வந்த மைத்துனனிடம் இதைச் சொன்னேன். தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"உங்கட கொம்பியூட்டரிலையும் இருக்கு அத்தான். பயப்பிடாதேங்கோ, பேரை மாத்தி முருகன் பாட்டுகளுக்குள்ளை போட்டிருக்கிறன்."

"எந்தப் பேரிலை?"

"அது ஞாபகமில்லை."

"எத்தினை?"

"பதினொண்டு இருக்கும். பன்னிரண்டாயும் இருக்கலாம்."

தான் செய்ததை எண்ணிக்கூட வைத்திராத மனிதன். ஞாயிறு காலை ரயிலேறிப் போய்விட்டான்.

முருகன் பாட்டுகள் அறுநூற்றுப் பதினாலு. வேறு சாமிப் பாட்டு எங்களிடம் இல்லை. மனைவி வெள்ளிக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்து வைத்து, அவற்றைப் போட்டுவிட்டுத்தான் சமைப்பாள். ஒரு பாட்டில் முருகன் சரியான கோபமாக இருக்கிறார் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் கேட்டேன். தொடக்கத்தை மட்டும் கேட்டால் போதாது. இயக்கப் பாட்டுகளிலும் வேல் வரும், சூரன் வருவான். பதினொன்றைப் பிடித்து அழித்தேன். பன்னிரண்டாவது இருக்கிறதா இல்லையா? மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கியபோது கீழ் ஒழுங்கையில் வீடு வீடாகப் பொலிஸ் சோதனை வந்துவிட்டது. மிச்சம் அறுநூற்று மூன்றையும் அழித்தேன். அதுகள் என்ன பாவம் செய்தன என்று மனைவி கேட்டாள். கணினியின் குப்பைக் கூடையையும் காலி செய்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், அலுமாரியைக் கிளறினார்கள். கண்ணாடி போட்டவன் கணினியைப் போடச் சொல்லி, பாட்டுகளின் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான். தமிழ் வீட்டில் ஒரு சாமிப் பாட்டுக்கூட இல்லையா என்று சிங்களத்தில் கேட்டான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொன்னேன்.

அவன் என் நெற்றியைப் பார்த்தான். காலையில் பூசிய திருநீறு, மூன்று குறி, அழியாமல் இருந்தது. பின்னால் நின்ற மனைவி தலையில் கைவைத்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து நாலு வரி எழுதிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இரண்டு மாதம், வாசல் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.