எவர்சில்வர் துருப்பிடிக்குமா?

வேலை போய், பிரிக்பீல்ட்ஸ் உணவகத்திலிருந்து பையோடு நடந்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும் மெஷினில் நான் போட்ட கத்திகளில் துரு. நல்லவற்றை விற்றுவிட்டு மட்டமானதை வைத்துவிட்டேனாம்.

"எவர்சில்வர் துருப்பிடிக்குமாடா, திருட்டுப்பயலே?" என்று முதலாளி துரத்தினார். பிடிக்காதென்றே நானும் நம்பியிருந்தேன்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக்கடை அக்காவிடம் வேலை கேட்டேன். நடந்ததையும் மறைக்கவில்லை.

"கூர் நிக்கணும்னு கத்திக்கு வேற மாதிரி இரும்பு போடுவாங்க. தட்டு, டம்ளர் மாதிரி தாங்காது. சூடு, உப்பு, காரமான சோப்பு, அப்புறம் மெஷினுக்குள்ளேயே ஈரமா கிடந்தா துருப்பிடிக்காம என்ன செய்யும் லா?"

"திரும்பிப் போய்ச் சொல்லவா, அக்கா?"

"சொன்னா நம்புவாரா?"

நம்பமாட்டார். மறுநாள் காலை அக்கா கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். கத்திகளைக் கையால் கழுவி, உடனே துடைத்து, அக்கா கண்ணில் படும்படி மேசையில் வரிசையாக வைத்தேன். அப்படி வைக்கச் சொல்லி அவர் கேட்கவேயில்லை.