நாலு மிருது வைத்திருப்பவர்

"மிருதுன்னா எந்த மிருது, தாதா?" என்று, அண்ணன் என்பதற்கு வங்காளத்தில் சொல்கிற சொல்லைப் போட்டுக் கேட்டுவிட்டுக் குருபிரசாத் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஆள் இந்த உலகத்தில் இல்லை. கல்கத்தா பவானிபூரில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த அறையில் மின்விசிறி மட்டும் கடகடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஹவுராவில் முப்பத்தொரு தையல் இயந்திரம் ஓட்டும் கையுறை முதலாளி ஏழுமலையே என்றாலும் அதே கதிதான்.

ஏழுமலை லேசுப்பட்ட ஆளா? வாணியம்பாடியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, பதினாலு வயதில் ரயிலேறி வந்து, தோல் மூட்டை தூக்கித் தானே முதலாளி ஆனவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் தோலைத் தொட்டு ஆடா மாடா, முதுகா வயிறா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு சொல்லுக்காக இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த இன்னொருவரான குருபிரசாத்துக்குத் தொழில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. ஸ்பெயின் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. துறைமுகக் குமாஸ்தாவின் பிள்ளை. ஐம்பத்திரண்டு வயதில் இதுவரை போன தூரம் பூரி ஜகந்நாதர் கோயில். நவம்பர் பிறந்தால் குரங்குக் குல்லாய் ஏறிவிடும். முடிவில் நிற்கிற சொல்லுக்குத்தான் கூலி கேட்பார். அடித்த சொல்லுக்குக் கேட்கமாட்டார். அடிப்பதுதான் அதிகம். இதெல்லாம் ஒரு பிழைப்பா?

போன வருஷம் ஏழுமலை இவரை ஒதுக்கிவிட்டுக் கைபேசியிலேயே மொழிபெயர்த்து, வெல்டிங் கையுறை விளம்பரத்தாளை ஸ்பெயினில் வலென்சியா வியாபாரிக்கு அனுப்பினார். 'மிருதுவான தோல்' என்பதைக் கைபேசி 'பிளாந்தோ' என்று போட்டது. "தொளதொள உறை எங்களுக்கு வேண்டாம்" என்று பதில் வந்து பாதி ஆர்டர் போயிற்று. தப்பு கைபேசியுடையது; ஏழுமலையுடையது அல்ல. இந்த முறை இன்று நாலு மணிக்குள் தாள் போகாவிட்டால் மிச்சப் பாதியும் போய்விடும். பதினைந்து இயந்திரம் நின்றுவிடும்.

மணி மூன்றரை. குருபிரசாத் கண்ணைத் திறந்தார்.

"நாலு மிருது இருக்கு தாதா. பிளாந்தோ, அமுக்கினா அமுங்கிடும், தலகாணி மாதிரி. சுவாவே, தடவினா வழவழன்னு. தியெர்னோ, கறிக்கும் குழந்தை மனசுக்கும். ஃபிளெக்ஸீப்லே, வளையும், ஆனா உறுதி போகாது."

"யோவ், நாலையும் போட்டுத் தொலையேன்யா!"

"நாலையும் போட்டா வாங்கறவன் எதை நம்புவான்?"

"நாப்பத்தாறு வருசமா தோல்லயே கெடக்கறேன். எனக்குத் தெரியாத மிருதுவா?"

"அப்ப சொல்லுங்க. நாலுல எது?"

ஏழுமலையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ தேய்த்தன. விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. பையிலிருந்து ஒரு கையுறையை உருவி மேசைமேல் வீசினார்.

"இத்தினி வருசமா தோலப் பத்தி எழுதறியே, ஒரு நாளாச்சும் அதுக்குள்ள கைய உட்டுப் பாத்துக்கிறியா?"

இல்லை. இருபத்தைந்து வருஷமாகத் தோல் வியாபாரிகளுக்கு எழுதிக் கொடுக்கிற மனிதர், ஒரு கையுறையை மாட்டிப் பார்த்ததில்லை! குருபிரசாத்துக்குக் காது சிவந்தது. அதை எடுத்து வலது கையில் முழங்கைவரை இழுத்து மாட்டினார். நாற்காலி முதுகைப் பிடித்தார். கதவுத் தாழ்ப்பாளைத் திருகினார். திரும்பி வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஏழுமலையின் கையைப் பற்றி இறுக்கினார்.

"மெதுவாய்யா, எலும்பு ஒடயப் போவுது!"

"தடவறதுக்கு இல்ல இது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கணினியில் அதுவரை எழுதி வைத்திருந்த 'சுவாவே' போயிற்று.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. வலது கை உறைக்குள் மூடுவதும் திறப்பதுமாக இருக்க, அதைக் கழற்ற மனமில்லாமல், இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே 'ஃபிளெக்ஸீப்லே' என்று எழுத்தெழுத்தாகத் தட்டித் தாளை அனுப்பினார்.