ஓக் மரத்துப் பிரபு

வால்மொரே பிரபு கலெரான் குதிரையிலிருந்து விழுந்து செத்தது ஒரு பெரிய வெள்ளிக்கிழமையில். ஊரே ஒருசந்தி நோன்பு இருந்த நாளில் மனிதர் மான் வேட்டைக்குப் போயிருந்தார். ஏற்கெனவே திருச்சபையை விட்டு வெளியே தள்ளப்பட்டிருந்தவர் வேறு. ஆயரின் ஆற்றங்கரை மாவு ஆலையைப் பிடுங்கப் போய், கொடுக்க மாட்டேன் என்றதும் தீ வைத்தார். உள்ளே காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு துறவி கரிக்கட்டையாகிப் போனார். அந்தத் துறவி ஆயர் ஃபுல்க்கின் கூடப்பிறந்த தம்பி.

"அவனை மண்ணுக்குள் வைக்கக் கூடாது" என்று ஆயரிடமிருந்து ஆள் வந்துவிட்டான். "மந்திரித்த மண்ணும் கூடாது, மந்திரிக்காத மண்ணும் கூடாது."

பிரபுவின் மனைவி ரிசில்ட் அழவில்லை. உப்பு கொண்டுவரச் சொன்னாள். ஒரு மாட்டுத்தோல் கொண்டுவரச் சொன்னாள். தோல் தைக்கிற தியெரியை வரவழைத்தாள்.

தியெரியோடு அவன் மனைவி எர்சாந்தும் போனாள். நூலுக்கு மெழுகு ஏற்றித் தருவது எப்போதும் அவள் வேலை. அன்றும் கோட்டைத் தொழுவத்தில் குந்தி உட்கார்ந்து நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்துக் கொடுத்தாள். அவன் பிரபுவின் கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, தொடையோடு சேர்த்து வைத்து, தோலை இறுக்கித் தைத்தான்.

"உசுரோட இருந்தப்ப இவரு பக்கத்துல நிக்கவே எனக்கு வேர்த்துக் கொட்டும்" என்றான் தியெரி. "இப்ப பாரு, என்னமா அடங்கிக் கிடக்காரு."

"வாயை மூடிட்டுத் தை."

ஒரு கட்டையைக் குடைந்து உடலை உள்ளே வைத்து, மேலே ஒரு பலகையை அறைந்தார்கள். காட்டோரம் ஊர் எல்லையில் இருந்த பெரிய ஓக் மரத்தின் கிளையில் இரண்டு சங்கிலி போட்டு அதைத் தொங்கவிட்டார்கள். மண்ணும் கிடைக்கவில்லை, வானமும் கிடைக்கவில்லை. பிரபு இரண்டுக்கும் நடுவில் நின்றுபோனார்.

எர்சாந்தின் வீடு அந்தப் பக்கம்தான், ஊரின் கடைசி வீடு. அவள் கோயிலுக்கு மெழுகு கொடுக்கிற குடியில் பிறந்தவள். அவள் தாய் காலத்தில் கோட்டை அவர்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்துக் கோயில் பீடத்துக்கு எழுதிக் கொடுத்தது. அதற்குப் பதிலாக, மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளன்று வருஷாவருஷம் பீடத்துக்கு மெழுகு போக வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் ஆயரின் காரியஸ்தன் வந்து மறுபடி அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகலாம். அதனால் பிள்ளை இல்லாத வீட்டில் கூடைக் கூடுகளில் இருந்த தேனீக்களைத்தான் அவள் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கட்டையிலிருந்து சத்தம் வருவதை முதலில் கேட்டவளும் அவள்தான். பட்டப்பகல். காற்று துளிகூட இல்லை. கூடைகளுக்கு வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்தாள். தொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி தொக். மூடிய கதவைத் திறக்கச் சொல்லித் தட்டுகிற சத்தம்போல இல்லை. அவசரமே இல்லாமல், அலுப்பில்லாமல், ஒரே சீராக வந்தது.

பங்குச் சாமியார் ஆன்ஷரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனிதர், பயந்த சுபாவம்.

"காத்துல சங்கிலி இடிக்குதும்மா, வேற ஒண்ணும் இல்ல."

"காத்தே இல்லியே சாமி."

"அப்ப மரங்கொத்தியா இருக்கும்" என்றவர், அதன்பிறகு அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டார். ஊர்க்காரர்களும் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிப் போனார்கள்.

ரிசில்ட் மட்டும் தினமும் காலையில் வருவாள். ஒரு முக்காலியைத் தானே தூக்கி வந்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் தொங்குகிற கட்டையிடம் வீட்டுச் சமாசாரம் சொல்வாள். எந்தப் பசு கன்று போட்டது, எந்தக் கூரை ஒழுகுகிறது, மூத்த மகன் யாரோடு சண்டை போட்டான் என்று. நடுவில் தொக் என்று வரும். அவள் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி பேசுவாள். ஆயரிடம் வருஷம் தவறாமல் ஆள் அனுப்பி, புதைக்க உத்தரவு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உத்தரவு வரவில்லை.

இப்படிச் சில வருஷம் போனது. ஒரு மே மாதத்தில் எர்சாந்தின் கூடு ஒன்றிலிருந்து கூட்டம் பிரிந்து பறந்தது. சத்தத்துக்கு இறங்கிவிடும் என்று சட்டியைத் தட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். தேனீக்கள் நேராக ஓக் மரத்துக்குப் போய், கட்டையில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, தண்ணீர் வடிவதுபோல உள்ளே இறங்கின. அன்றோடு தட்டுகிற சத்தம் நின்றது. அதற்குப் பதில் ரீங்காரம் வந்தது. ஊருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அடுத்து வந்த பனிக்காலம் யாரும் பார்த்திராதது. மேஸ் ஆறு உறைந்து, மேலே மாட்டு வண்டி போனது. எர்சாந்த் கூடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாக் கூட்டிலும் தேனீக்கள் கைப்பிடி கைப்பிடியாகச் செத்து விழுந்திருந்தன. பசியில் அடையை அரித்துத் தூளாக்கியிருந்தன. பள்ளத்தாக்கு முழுக்க அதே கதி. திருநாளோ நெருங்கிவிட்டது. மெழுகுக்கு எங்கே போவது?

ஓக் மரத்தில் மட்டும் ரீங்காரம் நிற்கவில்லை. அந்தக் குளிரிலும் வெடிப்பின் ஓரத்துப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேணாண்டி" என்றான் தியெரி. "பொணத்து மெழுகைக் கொண்டுபோய்ப் பீடத்துல ஏத்துவியா? நரகத்துக்குத் தனியா வழி வேற தேடணுமா?"

"காரியஸ்தன் வந்து ஆயர் வீட்டு மாட்டுக் கொட்டாயில என்னைக் கட்டிப் போட்டா, நீ வந்து அவுத்து விடுவியா?"

அவன் ஏணியை மட்டும் எடுத்துக் கொடுத்தான். கூட வரவில்லை.

உச்சிப்பொழுது. ரிசில்ட் பனியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எர்சாந்த் ஏணியோடு தயங்கி நின்றாள்.

"எசமானியம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் மெழுகு கேக்கலாம்னு வந்தேன்."

ரிசில்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உசுரோட இருந்தவரைக்கும் அவர் யாருக்கும் எதையும் குடுத்ததில்ல. கேட்டுப் பாரு."

ஏறினாள். புகைச்சட்டிகூட எடுத்துவரவில்லை. வெடிப்பில் கையை விட்டதும் தேனீக்கள் விரல்மேல் ஊர்ந்தன. ஒன்றும் கொட்டவில்லை. உள்ளே வெதுவெதுப்பு. முகத்துக்கு நேராக யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. அடை விரல் நுனியில் தட்டியது, பிடிபடவில்லை. இன்னும் உள்ளே கையை நீட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பிரபுவே" என்றாள் மெதுவாக. "தேன் வேணாம். மெழுகு மட்டும் குடுத்தாப் போதும். கோயிலுக்குத்தான்."

அடை தானாக நகர்ந்து அவள் கைக்குள் வந்தது. உள்ளிருந்து ஒருவர் தள்ளிக் கொடுத்தால் எப்படி வருமோ அப்படி. ஒன்றை எடுத்ததும் அடுத்தது வந்தது. மடி நிறைந்ததும் நின்றுவிட்டது. அவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. கீழே ரிசில்ட் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கணவன் செத்தபிறகு அவள் அழுதது அன்றுதான்.

அடையை உருக்கினால் மெழுகு மஞ்சளாக இல்லை. பழைய செங்கல் நிறத்தில் இருந்தது. வாசனை என்று ஒன்றும் இல்லை. திரியாக வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாமியார் ஆன்ஷர் நிறத்தைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்காமல் மந்திரித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

தவக்காலத்தில் ஆயர் ஃபுல்க்கே வால்மொரேவுக்கு வந்தார். ரிசில்ட் அனுப்பிய ஆளுக்கு இந்த முறை நேரில் பதில் சொல்ல வந்திருந்தார். பதில் இதுதான்: பிரபுவின் ஊர்க்கோயிலிலேயே, பிரபுவின் குடிகள் முன்னாலேயே, அவரைச் சபையை விட்டுத் தள்ளிய சாபத்தை இன்னொரு தடவை வாசிப்பது. அவர் வயதாகி மெலிந்துபோயிருந்தார். பலிபீடப் படியில் ஏறவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. குரல் மட்டும் மெலியவில்லை.

ஊர் முழுக்கக் கோயிலில் நின்றது. கூட வந்த குருமார்கள் ஆளுக்கொரு மெழுகுதிரி பிடித்து வட்டமாக நின்றார்கள். அத்தனையும் செங்கல் நிறம். அந்தப் பனிக்காலத்துக்குப் பிறகு ஊரில் வேறு மெழுகு ஏது? எர்சாந்த் தூண் மறைவுக்கு நகர்ந்தாள்.

"இந்தத் திரி அணைவதுபோல அவன் ஆன்மா அணையட்டும்" என்று ஆயர் முடித்தார். மணி அடித்தது. புத்தகம் மூடியது. குருமார்கள் திரிகளைத் தலைகீழாகத் தரையில் எறிந்தார்கள்.

ஒன்றும் அணையவில்லை.

கல்தரையில் விழுந்து உருண்ட திரிகள் படுத்தபடியே எரிந்தன. சுடர் துடிக்கக்கூட இல்லை. ஒரு குரு குனிந்து ஊதினார். இன்னொருவர் அங்கியால் அடித்தார். ஆயர் தாங்கி நின்றவர்களை உதறிவிட்டுப் படியிறங்கி வந்து, ஒரு திரியைச் செருப்பால் மிதித்து அழுத்தினார். காலை எடுத்தார். நசுங்கிக் கிடந்த மெழுகின்மேல் சுடர் நிமிர்ந்து நின்றது.

"இது யாருடைய மெழுகு?"

சாமியார் ஆன்ஷர் தரையைப் பார்த்தார். எர்சாந்த் தூணை விட்டு வெளியே வந்தாள்.

"என்னோடதுதான் ஆண்டகை. ஆனா என் கூட்டுது இல்ல."

"பின்னே?"

"ஓக் மரத்துல தொங்குறாரே, அவருகிட்டேருந்து எடுத்தது. கேட்டேன். குடுத்தாரு."

அவளை இழுத்து வெளியே தள்ளுவார்கள் என்று தியெரி எண்ணினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். ஆயரோ திரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னை அங்கே கூட்டிப் போங்கள்" என்றார்.

கட்டையை இறக்கினார்கள். ரிசில்ட் முக்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு நின்றாள். பலகையைப் பெயர்த்தவன் பின்வாங்கி ஓடினான். உள்ளே தலைமுதல் பாதம்வரை அடை கட்டியிருந்தது. மாட்டுத்தோல் உளுத்துப்போய்த் துண்டுதுண்டாகக் கிடந்தது. எலும்புகளை மூடி, அவற்றைத் தாங்கி, ஒரு மனிதனின் வடிவத்திலேயே மெழுகு நின்றது. தேனீக்கள் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறகை அடிக்கவில்லை.

அடை மூடாத இடம் நெஞ்சு ஒன்றுதான். அங்கே வலது கை மடங்கியிருந்தது. விரல்கள் முஷ்டியாகக் குவிந்திருந்தன. பூசையில் 'என் பாவமே' என்று சொல்லும்போது எல்லாரும் எப்படி நெஞ்சில் தட்டிக்கொள்வார்களோ, அப்படி. முஷ்டி படுகிற இடத்தில் நெஞ்செலும்பு தேய்ந்து குழிவிழுந்திருந்தது.

ஆயர் தியெரியின் பக்கம் திரும்பினார். "கையை இப்படி வைத்தா தைத்தாய்?"

"இல்ல ஆண்டகை. ரெண்டு கையையும் கீழ நீட்டி, தொடையோட சேத்துத்தான் தைச்சேன். இவளைக் கேளுங்க, பக்கத்துலதான் இருந்தா."

எர்சாந்த் தலையை ஆட்டினாள். "சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு ஆண்டகை. ராவும் பகலும். நாங்கதான் சங்கிலி, மரங்கொத்தின்னு என்னத்தையோ சொல்லிக்கிட்டோம். தேனீ வந்தப்புறம்தான் நின்னுச்சு."

ஆயர் ஈர மண்ணில் மண்டியிட்டார். பாவமன்னிப்பு மந்திரத்தை ஆரம்பித்தார். முதல் வார்த்தையோடு நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பித்தார். வரவில்லை. தன் தம்பியின் பெயரைச் சொன்னார். "உன்னை எரித்தவன்தானே இவன்" என்றார், யாரோ எதிரில் நிற்பதுபோல. வெகுநேரம் காத்திருந்தார். என்ன பதில் கேட்டதோ, மூன்றாம் தடவை மந்திரம் தடையில்லாமல் வந்தது. முடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டு, அந்த முஷ்டியின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். தேனீக்கள் அப்போதுதான் எழுந்தன. புகை கிளம்புவதுபோல வரிசையாகக் கிளம்பி, காட்டுக்கு மேலே போய் மறைந்தன.

மெழுகோடு சேர்த்தே கோயில் மதிலோரம் புதைத்தார்கள். கடைசி மண் விழுந்த நேரத்தில் உள்ளே திரிகள் மொத்தமாக அணைந்ததாகக் கோயிலில் காவல் இருந்த சாமியார் ஆன்ஷர் சொன்னார். ஆயர் அன்றே திரும்பிப் போனார். அதன்பிறகு அவர் யாரையும் சபையை விட்டுத் தள்ளவில்லை என்று சொல்வார்கள். எர்சாந்தைத் தண்டிக்கவுமில்லை, மெழுகு கொடுக்கிற கடமையிலிருந்து விடுவிக்கவுமில்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து புதுக் கூட்டம் வாங்கி வந்து அவள் மறுபடி ஆரம்பித்தாள். சாகிறவரை ஒரு திருநாளும் தவறவில்லை.

பிரபுவைப் புதைத்த பிறகும் ரிசில்ட் காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓக் மரத்தடிக்கே வந்தாள். வெறுங்கிளையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் எர்சாந்துக்குப் பொறுக்கவில்லை.

"எசமானியம்மா, அவரு இங்க இல்லியே. கோயில் பக்கம்ல வச்சிருக்கு. அங்க போயி உக்காரலாமில்ல?"

"போனேன்" என்றாள் ரிசில்ட். "அங்க அவர் நல்லாத் தூங்குறார். ஒரு பதிலும் இல்ல."

எர்சாந்த் வீட்டுக்குப் போய்த் தனக்கும் ஒரு முக்காலி எடுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, கம்பளி நூற்க ஆரம்பித்தாள். ரிசில்ட் எந்தப் பசு கன்று போட்டது என்று அவளிடம் சொன்னாள்.