ஆத்மநாதன் தேடிய எழுபத்திரண்டு சொற்கள்

ஆத்மநாதனுக்கு ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். சோற்றில் கல் கடித்தவன் போல ஒரு பக்கக் கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு சும்மா இருப்பான்.

நானும் அவனும் ஆவுடையார்கோயிலில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவனுக்குப் புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் மொழிபெயர்ப்பு குமாஸ்தா வேலை கிடைத்தது. இங்கிலீஷில் வரும் உத்தரவுகளைத் தமிழில் எழுத வேண்டும். நாற்பத்தெட்டு மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அந்த அறிவிப்பைத் தமிழாக்கும்போது 'ஐக்கியம்' என்று போடச் சொன்னார் மேலதிகாரி. 'இணைப்பு' என்றுதான் எழுதுவேன் என்று இவன் நின்றான். அதுதான் மொழிபெயர்ப்புப் பிரிவில் அவன் செய்த கடைசி வேலை. அதன்பின் பிரிவே இல்லை. ஒரு தாலுகா ஆபீசில் நகல் எடுக்கும் குமாஸ்தாவாகப் போட்டார்கள். பதினைந்து வருஷம் 'மேற்படி', 'மேற்கண்ட' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

அறுபத்து மூன்றில், நான் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது, பாடங்களைத் தமிழில் நடத்தும் பேச்சு வந்தது. என் தலையில் விழுந்தது அமெரிக்க வரலாறு. பதின்மூன்று காலனிகள் எப்படி ராஜாவை எதிர்த்தன, எப்படி ஒன்றுகூடித் தங்களுக்கு ஒரு சட்டம் எழுதிக்கொண்டன என்ற கதை. கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை. எழுபத்திரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆத்மநாதன் வீட்டுக்குப் போனேன்.

தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"சாமி, இத ஏன் இத்தனை நாளா எங்கிட்டக் கொண்டு வரல?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் உட்கார்ந்தோம். ஒரு விதி வைத்தான். எந்தச் சொல்லாக இருந்தாலும் அவன் மனைவி பிரகதாம்பாள் ஒரு தடவை கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் அடித்துவிட வேண்டும். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அரிசி புடைத்துக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருப்பாள்.

'காலனி' என்றதும், "நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சர்க்கார் கட்டுன வீடுகளா?" என்று கேட்டாள். மாணவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று ஆத்மநாதன் உடனே 'குடியேற்ற நாடு' என்று எழுதினான். 'வீட்டோ'வுக்கு 'மறுப்பாணை' என்றான்.

"யாரு மறுக்கிறது?"

"ஜனாதிபதி. சபை போட்ட சட்டம் வேண்டாம்னு திருப்பி அனுப்பலாம்."

"சட்டம் போட்டவங்க சும்மாவா இருப்பாங்க?"

"மூணுல ரெண்டு பங்கு பேரு சேந்தா அதையும் மீறலாம்."

"அப்பச் சரி. மறுப்புதானே, முடிவு இல்லையே. எழுதிக்கங்க."

இப்படியே அறுபது சொல் தாண்டினோம். ஒரு வாக்கியத்தில் வண்டி நின்றுவிட்டது. குடியேற்ற நாட்டுக்காரர்கள் வரி கட்ட மறுத்தபோது சொன்னது அது. அவர்கள் சார்பில் ஒருவர்கூட லண்டன் சபையில் இல்லை, அதனால் அந்தச் சபை போடும் வரியைக் கட்ட முடியாது என்பது அதன் சாரம். 'பிரதிநிதித்துவம் இன்றி வரிவிதிப்பு இல்லை' என்று நான் எழுதிக் காட்டினேன். பிரகதாம்பாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "வாயில நிக்கலையே" என்றாள். ஆத்மநாதன் கன்னத்தை ஒதுக்கிக்கொண்டான். மூன்று ஞாயிறு அப்படியே போயிற்று.

நான்காவது வாரம் நடுவில், அவன் ஆபீசுக்குக் கீரமங்கலத்துப் பக்கமிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். கத்தரிக்காயும் வெற்றிலையும் பூவும் கூடையில் கொண்டுபோய் நாவற்குடிச் சந்தையில் விற்பவர்கள். சந்தைக் கமிட்டி கூடை வரியைத் திடீரென்று ஏற்றிவிட்டது. மனு கொடுக்க வந்திருந்தார்கள். வாசலில் மனு எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் உள்ளே வந்து ஆத்மநாதன் மேசை முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் செவந்தி.

"கட்ட மாட்டோம்னு சொல்லலைங்க அய்யா. காலங்காலமாக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். கமிட்டியில உக்காந்திருக்கிறவுக யாருமே கூடை தூக்குனவுக இல்ல. எங்க பேருக்குப் பேச அங்கிட்டு ஒரு ஆளு இருந்துச்சா? ஆளே இல்லாம எங்க மேல வரியப் போட்டா எப்படிங்க?"

ஆத்மநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டானாம். "நீங்க சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றானாம். அவள் சொன்னாள். பேருக்குப் பேசும் ஆள். பேராளர். அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அரசாங்க ஊழியன் செய்யக்கூடாத காரியம் என்று தெரிந்தே, அவர்களுக்கு மனுவை எழுதிக் கொடுத்தான். அதில் ஒரு வரி: 'எங்கள் பேராளர் இல்லாத சபை போடும் வரி எங்களைக் கட்டுப்படுத்தாது.'

அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மனுவை யார் எழுதியது என்று ஆபீசில் யாரும் கேட்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மெமோ வந்தது. அரசு ஊழியர் பொதுமக்களைத் தூண்டிவிட்டு மனு எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

கேள்விப்பட்டதும் அவன் வீட்டுக்கு ஓடினேன். என் பாடத்தால் வந்த வினை என்று தோன்றியது. "நான் வந்து அதிகாரியப் பாக்கிறேன். அது பாடப் புத்தகத்துல இருக்கிற வாசகம்னு சொல்றேன்" என்றேன்.

"வேணாம்" என்றான். "அது பாடத்துல இருந்து வரல. அந்தப் பொம்பள சொன்னது. நான் எழுத்துக் கூட்டுனேன், அவ்வளவுதான். புத்தகத்துல இருந்து எடுத்தேன்னு எழுதுனா அவ சொன்னது பொய்யாப் போயிரும்."

அப்படியே விளக்கம் எழுதினான். ஒரு வருஷ இன்க்ரிமென்ட் நின்றது. கோட்டைப்பட்டினத்துப் பக்கம் மாற்றலும் வந்தது. நான் பார்க்கப் போனபோது பிரகதாம்பாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கோபிப்பாள் என்று பயந்துகொண்டே நின்றேன்.

"நாம எழுதுன சொல்லெல்லாம் இருக்கிற நோட்ட நீங்க கொண்டு போங்கண்ணே. கடல் காத்துல நமுத்துப் போகும்" என்று எடுத்துக் கொடுத்தாள். பிறகு, "அந்தம்மா சொன்னது எனக்கு ஒரே தடவையில புரிஞ்சுச்சு" என்றாள்.

மனு வீண் போகவில்லை. தை பிறக்கும் முன்பே சந்தைக் கமிட்டி செவந்தியைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டது. முதல் கூட்டத்தில் அவள் வாய் திறக்கவில்லை என்றும், இரண்டாவது கூட்டத்தில் மற்றவர்களைத் திறக்க விடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கூடை வரி பழையபடி ஆகவில்லை. ஆனால் ஏற்றியதில் பாதி குறைந்தது.

கல்லூரியில் நான் கரும்பலகையில் 'பேராளர் இல்லையேல் வரி இல்லை' என்று எழுதினேன். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் வகுப்பு தலையாட்டிவிட்டது. என் ஆசிரியத் தொழிலில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் இல்லை.

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து அச்சடித்த சொற்பட்டியல் வந்தது. எல்லாக் கல்லூரிகளும் அதையே பயன்படுத்த வேண்டும். எங்கள் எழுபத்திரண்டில் பதினொன்று மட்டும் அதில் இருந்தவற்றோடு ஒத்துப்போயின. 'பேராளர்' இல்லை. இதை அவனிடம் கடிதத்தில் சொல்ல மனம் வரவில்லை. அறந்தாங்கி போய், பஸ் மாறி நேரில் போனேன்.

கருத்திருந்தான். வாசலில் நின்றபடியே பட்டியலை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அரசியல் சட்டத்துக்கு முன்னால வர்றதுக்கு 'முகவுரை'ன்னு போட்டிருக்காங்க. நல்லா இருக்கு சாமி. நமக்குத் தோணாமப் போச்சு பாரு."

அதைச் சொன்னபோது அவனுக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது. உள்ளே கூப்பிட்டுப் பிரகதாம்பாளிடமும் சொல்லிக் காட்டினான். அவள் ஒரு தடவை கேட்டுவிட்டு, "இது நிக்கும்" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தான். நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதற்கு 'ஏற்புறுதி' என்று போட்டிருந்தது அவனுக்குப் போதவில்லை. "ஒவ்வொரு ஊரும் தனித்தனியா உக்காந்து சம்மதிச்சுச்சே, அது இதுல வரலையே" என்றான். கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்த பிறகும் கூடவே நடந்து ஏதோ ஒரு சொல்லைச் சொன்னான். மீன் கூடைக்காரிகளின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையை ஆட்டினேன்.