நோகாத காயம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குச் சல்லி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து ஓட்டோவில் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து கோயிலும் கடலும் பார்க்க வந்த எங்களுக்கு மூதூர் போகும் எண்ணமே இருக்கவில்லை. எல்லாம் என் மனைவி வசந்தியின் இடது கால் பெருவிரலால் வந்தது.

புதன்கிழமை மாலை, மீன் காயப்போடும் இடத்தில் உடைந்த சிப்பியொன்று அந்த விரலைக் கிழித்துவிட்டது. எங்களைத் தங்கவைத்திருந்த மலர், வசந்திக்குத் தங்கச்சி முறை. வேலியோரம் ஓடிப்போய்க் கிணற்றடிப் பூண்டு என்ற பச்சிலையைப் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டாள். இரத்தம் நின்றது. நோவும் இல்லை என்றாள் வசந்தி.

"எங்கட பச்சிலை எண்டால் சும்மாவே!" என்று மலருக்குப் பெருமை.

வெள்ளி விடியப் பார்த்தால் விரல் வீங்கிக் கறுத்திருந்தது. வசந்திக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"போனால் விரலைக் கழட்டிப்போடுவாங்கள். நோகவே இல்லை, பிறகென்னப்பா?"

மூதூரில் புண் கட்டுவதில் பேர்போன பெண் வைத்தியர் ஒருவர் இருப்பதாக மலர் சொன்னாள். வசந்தி அதையே பிடித்துக்கொண்டாள்.

போகவர ஒன்பதாயிரம் ரூபா பேசினோம். நகரத்துக்கு எட்டுக் கிலோமீற்றர், அங்கிருந்து மூதூருக்கு இன்னும் நாற்பது அளவில். நகரத்தில் ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் மற்றப் பக்கம் பார்த்தாள். கிண்ணியாப் பாலத்தில், வேறு நாளென்றால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன். அன்றைக்குத் தண்ணீரின் நிறம்கூட நினைவில் இல்லை.

"பயப்படாதீங்க சேர். வைத்தியர் ராத்தா கை வெச்சா எந்தப் புண்ணும் காஞ்சிரும்" என்றார் சாரதி நிஸாம். அவர் கிண்ணியாக்காரர்.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தில் ஆடாதோடையும் கற்றாழையும் நின்றன. உள்ளே மஞ்சளும் வேப்பெண்ணெயும் கலந்த மணம். நடந்ததையெல்லாம் கேட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க வைத்தியர் எண்ணெய்ப் போத்தல் எதையும் தொடவில்லை. வசந்தியைக் கதிரையில் இருத்தி, சுவரைப் பார்க்கச் சொன்னார். ஓர் ஈர்க்கை எடுத்துக் குதிக்காலில் குத்தினார்.

"குத்துதா?"

"ஓம்."

ஈர்க்கு பெருவிரலுக்கு வந்தது. அது வளையும் அளவுக்கு அழுத்தினார்.

"இப்ப?"

"நீங்கள் இன்னும் குத்தேல்லையே?" என்றாள் வசந்தி.

"நோவை எடுத்தது பச்சிலை இல்ல தங்கச்சி, சீனி" என்றார் வைத்தியர். "பச்சிலை ரத்தத்த நிப்பாட்டும். நோகிற காயத்த ஆத்தவும் என்ட கையில மருந்து இருக்கு. இதுக்கு நான் எண்ணெய் போட்டுக் கட்டினா, உள்ளுக்க அழுகிறது ஆருக்கும் தெரியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"உங்களாலயும் ஏலாதோ?" என்று கேட்டாள் வசந்தி.

"இண்டைக்கு ஏலாது. புதுச் சதை வளரட்டும். டொக்டர் ஓமெண்டா வல்லாரை எண்ணெய் தாறன்."

காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பும் வழியில் நிஸாம் வேகமாக ஓட்டினார். அந்த ஒரு விரலுக்காக நான் கும்பிடாத தெய்வமில்லை.

பதினொரு மணியளவில் நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் புண்ணைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். கறுத்த தோலை வெட்டி வெட்டி எடுத்தார். வசந்தி யாருடைய காலோ என்பதுபோல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கத்தி இன்னும் சற்று உள்ளே போனது.

"ஐயோ, நோகுதப்பா!"

டொக்டர் நிமிர்ந்தார். "நல்லது. உள்ளுக்கு உயிர் இருக்கு. விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம்."

நான் விம்மி விம்மி அழுதேன். "நோகிறது எனக்கு, அழுறது நீங்களோ?" என்று அந்த வேதனையிலும் அவள் ஏசினாள்.

விரலோடு அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட இரண்டு கிழமைக்கு மேல் ஆனது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவில் கிணற்றடி முழுக்க வல்லாரைதான்; சம்பல் போடுவதைத் தவிர அதை நாங்கள் நினைத்ததில்லை. அதன் எண்ணெய்க்கு டொக்டர் இன்னும் ஓமென்று சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் வான் வண்டியில் வசந்தி காலை என் மடியில் நீட்டியிருந்தாள். ஒவ்வொரு குழிக்கும் நோகுது, நோகுது என்று முனகினாள்.

"மெதுவா ஓடட்டோ ஐயா?" என்று வான் சாரதி கேட்டார்.

"ஓம், மெதுவா ஓடுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு, அடுத்த குழிக்கும் அவள் முனகுகிறாளா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.